அயலான் யார்? விண்ணிலிருந்து வந்த விருந்தினனும் கந்தக பூமியின் மக்களும்

2024ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, ஜனவரி 12ஆம் நாளன்று, 'அயலான்' என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. ஆர். ரவிக்குமார் எழுதி இயக்கிய இப்படத்தில் சிவகார்த்திகேயன் நடித்தார், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். வேற்றுக் கோளிலிருந்து பூமிக்கு வந்து சேரும் ஓர் உயிரையும், அதற்கு நண்பனாகும் ஒரு தமிழ்க் குடியானவனையும் பற்றிய கற்பனைக் கதை இது. இறையியல் ஏடொன்றில் சிறுவர் விரும்பும் கற்பனைப் படம் ஆராயப்படுவது ஏன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நம் சபையின் பிள்ளைகள் 'அந்நியன்', 'அடுத்தவன்' ஆகிய சொற்களின் பொருளை ஓய்வுநாள் பள்ளியில் கற்பதைவிட மிகுதியாகத் திரையிலேயே கற்கின்றனர். ஆகவே திரை எதைக் கற்பிக்கிறது என்று கேட்பது ஆயரின் கடமையிலிருந்து பிரிக்க முடியாதது. மேலும், இப்படம் அருளுரைக்கு எளிதில் உவமையாகக்கூடியது. மேலிருந்து ஒருவர் வருகிறார், நம்மோடு தங்குகிறார், அழிவினின்று காக்கிறார், மீண்டும் மேலே செல்கிறார். இவ்வளவு வசதியாக அமைந்த உவமையைப் பிரசங்க பீடத்திற்கு எடுத்துச் செல்லுமுன் நாம் சற்று நின்று சிந்திப்பது நல்லது.

இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து இதுவே: 'அயலான்' நல்ல நோக்கமுடைய படம். வேற்றுயிரை அஞ்சாமல் ஏற்கும் மனத்தை அது போற்றுகிறது. ஆயினும், எந்த அயலானை ஏற்பது எளிதோ அந்த அயலானையே அது நமக்குக் காட்டுகிறது. ஏற்பதற்குக் கடினமான அயலார் அதில் இடம்பெறவில்லை, அல்லது பகைவராக இடம்பெறுகின்றனர். விருதுநகர் மாவட்டத்திலும் சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்திலும் ஊழியம் செய்வோருக்கு இந்த வேறுபாடு வாழ்வையும் சாவையும் தொடும் ஒன்றாகும்.

1. சொல்லின் இரு முகங்கள்

முதலில் தலைப்பைக் கவனிப்போம். 'அயல்' என்பது தமிழில் விந்தையான சொல். அயல்நாடு என்னும்போது அது தொலைவைக் குறிக்கிறது. அயல்வீடு என்னும்போது சுவருக்கு அப்பாலுள்ள அண்மையைக் குறிக்கிறது. அயலான் என்பவன் நமக்கு உரியவன் அல்லாதவன். அவனே நமக்குப் பக்கத்தில் இருப்பவனும் ஆவான். தொலைவும் அண்மையும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலன்று. மனிதன் தன் பக்கத்தில் இருப்பவனையே அந்நியனாக்கிக்கொள்ளும் இயல்பினன் என்பதை மொழி அறிந்து வைத்திருக்கிறது.

நம் திருமறை மொழிபெயர்ப்பாளர்களும் இச்சிக்கலோடு போராடினர். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி கேட்ட கேள்வியில், நாம் நெடுங்காலம் வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்னும் சொல்லைக் கையாண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்றது. முதற்சொல் வேற்றுமையைச் சொல்லுகிறது. இரண்டாவது அண்மையைச் சொல்லுகிறது. இரண்டையும் ஒருங்கே சொல்லவல்லது 'அயலான்' என்னும் சொல். தாய்லாந்தில் ஊழியம் செய்த ஜப்பானிய இறையியலார் கொசுகே கொயாமா, 1974இல் வெளிவந்த 'நீரெருமை இறையியல்' என்னும் தம் நூலில், கிறிஸ்துவைப் பற்றிய இயலுக்கு முன் அயலாரைப் பற்றிய இயல் ஒன்று நமக்குத் தேவை என்னும் பொருள்பட எழுதினார். அயலானை அறியாதவன் அவனுக்கு நற்செய்தி கூற இயலாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இத்தகைய பொருட்செறிவுள்ள ஒரு சொல்லைத் திரைப்படமொன்று தலைப்பாகக் கொள்ளும்போது, அதன் எந்த முகத்தைக் காட்டுகிறது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

2. படத்தின் நற்பண்புகள்

கதைச் சுருக்கம் வருமாறு: கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் வாழும் தமிழ் என்னும் இளைஞன், மண்ணும் பூச்சியும் பறவையும் மனிதனுக்கு நிகரான உரிமை உடையன என்று நம்பும் உழவன். வாழ்வு தேடிச் சென்னைக்குச் செல்கிறான். ஆரியன் என்னும் தொழிலதிபன், விண்ணிலிருந்து விழுந்த அரிய கல்லொன்றின் ஆற்றலைக்கொண்டு நிலத்தை மிக ஆழமாகத் துளைத்து, நச்சுத்தன்மை வாய்ந்த எரிவாயு ஒன்றை எடுக்க முயல்கிறான். அக்கல்லை மீட்கவும் அழிவைத் தடுக்கவும் வேற்றுக் கோளினன் வருகிறான். தமிழும் அவனும் நண்பராகின்றனர். இருவரும் சேர்ந்து பேரழிவைத் தடுக்கின்றனர்.

இப்படத்தின் நற்பண்புகளை மறைப்பது நேர்மையன்று. 1963இல் வெளிவந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள், இசைவல்ல ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்லும் கள்வராகவே வந்தனர், எம்.ஜி.ஆர். அவளை மீட்கச் சென்றார். அந்நியன் என்றால் கவர்ந்து செல்பவன் என்னும் பழைய அச்சத்தின் திரைவடிவம் அது. மேனாட்டிலும் விண்வெளியிலிருந்து வருபவர் நெடுங்காலம் படையெடுப்பாளராகவே சித்திரிக்கப்பட்டனர். இந்த மரபை மாற்ற எண்ணியவருள் முதன்மையானவர் நம் நாட்டினரான சத்யஜித் ராய். வங்கக் கிராமமொன்றின் குளத்தில் வந்திறங்கும் ஒரு சிறிய, நட்பார்ந்த உயிரைப் பற்றி 1967இல் அவர் எழுதிய திரைக்கதை படமாகவேயில்லை. 1982இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' உலகெங்கும் அத்தகைய கனிவை எடுத்துச் சென்றது. இந்தியில் 2003இல் 'கோயி மில் கயா'வும், 2014இல் 'பிகே'வும் அவ்வழியில் வந்தன. தமிழில் அவ்வழியை விரிவாக மேற்கொண்டது 'அயலான்'. பூமி மனிதனுக்கு மட்டும் உடைமையன்று என்னும் அதன் அடிப்படைக் கருத்து, படைப்பைப் பற்றிய வேதாகமப் போதனைக்கு அயலானதன்று. சங்கீதம் 104ஐப் படித்த எவரும் அக்கருத்தை வரவேற்பர்.

3. யார் ஏற்கப்படுகின்றனர்?

ஆயினும் சில கேள்விகளை எழுப்பவேண்டியுள்ளது.

முதலாவது, பெயர்கள். கதைத் தலைவன் பெயர் தமிழ். பகைவன் பெயர் ஆரியன். கடந்த நூறாண்டுகளின் தமிழக அரசியலை அறிந்த எவருக்கும் இவ்விணைப் பெயர்களின் ஒலி விளங்காமற் போகாது. பகைவனாக நடித்த சரத் கேல்கரும் இந்தித் திரையுலகிலிருந்து வந்தவர். இதன் விளைவைக் கவனியுங்கள். பல கோடிக் கல் தொலைவிலிருந்து வந்தவன் விருந்தினன். நம் நாட்டின் மறுபுறத்தைச் சேர்ந்தவன் பகைவன். ஏற்றத்தாழ்வையும் ஆதிக்கத்தையும் எதிர்த்த தமிழ் மக்களின் நெடிய போராட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆதிக்கத்திற்கு முகம் கொடுப்பது கலையின் உரிமை. ஆனால், ஆதிக்கத்தின் முகமாக வடக்கத்தியன் ஒருவன் திரையில் திரும்பத் திரும்ப வரும்போது, அதே வடக்கிலிருந்து வயிற்றுப்பிழைப்புக்காக முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்து வரும் ஏழைத் தொழிலாளிமீது அம்முகம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பீகார்த் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் என்னும் பொய்ச்செய்திகள் பரவியபோது எழுந்த பீதியை நாம் மறந்திருக்க மாட்டோம். செய்தி பொய்யானது, ஆனால் அதை நம்பத்தக்கதாக்கிய ஐயமும் இளக்காரமும் பொய்யல்ல. 'வடக்கன்' என்னும் சொல்லை நம் வாலிபர் எந்தத் தொனியில் பயன்படுத்துகின்றனர் என்பதை ஆயர்கள் அறிவர்.

இரண்டாவது, விண்ணிலிருந்து வந்தவன் எந்த நிபந்தனைகளின்மீது ஏற்கப்படுகிறான்? அவன் ஆற்றலுடையவன், நமக்கு நன்மை தருபவன். நம் மொழியைப் பேசுகிறான். நம் வேலையையோ வீட்டையோ நியாயவிலைக்கடையின் அரிசியையோ அவன் கேட்பதில்லை. நம் மகளை மணக்க விரும்புவதில்லை. பணி முடிந்ததும் விடைபெற்றுச் செல்கிறான். இத்தகைய அயலானை நேசிப்பதற்கு நமக்கு மனந்திரும்புதல் தேவையில்லை. பயன் தருபவனும், தொல்லை தராதவனும், தங்கிவிடாதவனுமாகிய ஒருவனை ஏற்பதை விருந்தோம்பல் எனலாம். அயலான்பால் அன்பு என்று அதைக் கூறிவிட முடியாது. லேவியராகமம் 19:34 கட்டளையிடுவது நம்முடன் தங்கிவிட்ட அந்நியனைப் பற்றியது என்பதைக் கவனிக்கவேண்டும். அவனை நம்மிடையே பிறந்தவனைப்போல எண்ணும்படியே அங்குக் கூறப்படுகிறது.

மூன்றாவது, குரலும் உடலும். படத்தில் வேற்றுக் கோளினனுக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற நடிகர் சித்தார்த். அவ்வேடத்திற்கு உடலால் உயிர் கொடுத்தவர் வெங்கட் செங்குட்டுவன். குரலுக்குரியவரை நாடு அறியும். உடலுக்குரியவரை எத்தனை பேர் அறிவர்? இதைப் படக்குழுவினர்மீது குற்றமாக நாம் கூறவில்லை. திரைத்தொழிலின் வழக்கம் அது. எனினும், 'பிறரைப் பிரதிநிதித்துவம் செய்தல்' என்பதன் முழுச் சிக்கலும் இங்கே சிறு வடிவில் அடங்கியுள்ளது. ஒருவரைப் படமாக வரைந்து காட்டுவது ஒன்று. அவருக்காக எழுந்து நின்று பேசுவது மற்றொன்று. காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்று எச்சரித்தார். ஒருவரின் உடல் உழைக்க, மற்றொருவரின் குரல் கேட்கப்படுவது திரையில் மட்டும் நிகழ்வதன்று. நம் சபைக் கூட்டங்களிலும், மறைமாவட்டப் பேரவைகளிலும், சமூகப்பணி அறிக்கைகளிலும் அது நிகழ்கிறது.

4. அயலான் தமிழனாகும்போது

இவ்விடத்தில் மற்றொரு படத்தோடு ஒப்பிடுவது பயன்தரும். 2021 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு நாளுக்கு முந்தின நாள் வெளிவந்த 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படத்தைப் பேசில் ஜோசப் இயக்கினார். கேரளச் சிற்றூர் ஒன்றில் ஒரே இரவில் மின்னல் தாக்கிய இருவர் வியத்தகு ஆற்றல் பெறுகின்றனர். ஒருவன் ஊராரின் அன்புக்குரிய ஜெய்சன். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவன். மற்றவன் ஷிபு, தமிழகத் தொடர்புடையவன் என்றும், மனநிலை பிறழ்ந்தவளின் மகன் என்றும் ஊரால் ஒதுக்கப்பட்டவன். ஷிபுவாக நடித்தவர், 2016இல் 'ஜோக்கர்' படத்தில் நம்மை நெகிழவைத்த தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். ஒரே ஆற்றல் இருவருக்கும் கிடைத்தும், ஒருவன் காப்பவனாகிறான், மற்றவன் அழிப்பவனாகிறான். ஏன்? ஒருவனை ஊர் தன் மகனாக எண்ணியது, மற்றவனை எண்ணவில்லை. அன்பு தேடிய அவன் அதையும் இழந்தபோது அழிவு மூண்டது.

அப்படமும் குறையற்றதன்று. புறம்பாக்கப்பட்டவனே இறுதியில் வில்லனாக மடியவேண்டியிருக்கிறது. ஆனால் ஊரின் குற்றத்தை அது மறைக்கவில்லை. தமிழ் வாசகராகிய நாம் அதைக் காணும்போது, திரையில் அயலானாக நிற்பவன் நம்மவன். 'அயலா'னில் நாம் வீட்டுக்காரர். 'மின்னல் முரளி'யில் நாம் வாசலில் நிற்பவர். எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதபடி இஸ்ரவேலுக்குக் கூறப்பட்ட நினைவூட்டலின் உட்பொருள் இதுவே. வாசலில் நின்ற நினைவு உள்ளவனே வீட்டின் கதவைத் திறப்பான்.

2024 ஜூன் மாதம் வெளிவந்த பாஸ்கர் சக்தியின் 'ரயில்' படத்தையும் இங்குச் சுட்டவேண்டும். முதலில் அதற்கு இடப்பட்ட பெயர் 'வடக்கன்'. தணிக்கைக் குழு ஏற்காமையால் பெயர் மாற்றப்பட்டது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவனைப் பற்றிய எளிய படம் அது. கற்பனை ஆற்றலோ கண்கட்டு வித்தையோ அதில் இல்லை. ஆனால், 'அயலான்' என்னும் தலைப்பு உண்மையில் அதற்கே மிகப் பொருந்தியிருக்கும் என்பது நம் கருத்து.

5. கந்தக பூமியில் அயலார்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 'அயலா'னில் நிலத்தடியிலிருந்து நச்சு வாயு வெளிப்படுமோ என்று ஊர் அஞ்சுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பகுதிகளில் அத்தகைய அச்சத்தைக் கற்பனை செய்யத் தேவையில்லை. கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் ஆகியவற்றோடு நாள்தோறும் வாழும் மக்கள் அங்குண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்தோரும் அதில் சிக்கினர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருந்து கலக்கும்போது ஏற்படும் உராய்வு, அறையில் வரம்புக்கு மீறிய ஆட்கள், உரிமம் பெற்றவர் பிறருக்கு உள்குத்தகை விடுதல், ஒரு பங்கு இடத்தில் பல பங்கு வேலை எனக் காரணங்கள் ஒவ்வொரு விசாரணையிலும் கூறப்படுகின்றன. ஒவ்வொரு கோடையிலும் திரும்புகின்றன. இறந்தோருள் பெண்கள் பலர். தலித் மக்கள் பலர்.

இங்கே சித்திரிப்பைப் பற்றிய கேள்வி மிகக் கூர்மையடைகிறது. ஏனெனில் சிவகாசி பட்டாசுக்கு மட்டுமன்று, படங்களுக்கும் தலைநகரமாயிற்று. நாட்டின் நாட்காட்டிகளையும், சுவரொட்டிகளையும், தெய்வப் படங்களையும் அதன் அச்சகங்கள் பெருமளவில் அச்சிட்டு அனுப்பின. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு 1976இல் மறையும்வரை, அவரும் அவர் மாணவரும் வரைந்த தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சின் வழியாக எண்ணற்ற வீடுகளின் சுவர்களில் ஏறின. நம் வீட்டுச் சுவர்களிலுள்ள நல்மேய்ப்பர் படங்களும் பல அங்கு அச்சானவையே. பட்டாசுப் பெட்டியின் மேலட்டையைப் பாருங்கள். இலட்சுமி இருப்பாள், திரை நட்சத்திரம் இருப்பார், சிரிக்கும் செந்நிறக் குழந்தை இருக்கும். அப்பெட்டிக்குள் இருப்பதைச் செய்து, விரலெல்லாம் வெள்ளித் தூள் படிந்த பெண்ணின் முகம் எந்த அட்டையிலும் இராது. எல்லோருடைய முகங்களையும் அச்சிட்டு அனுப்பும் ஊரில், அவ்வூரின் உழைப்பாளி முகமற்றவளாக இருக்கிறாள். விபத்துக்குப் பின்னரே அவள் படம் செய்தித்தாளில் வருகிறது. அதுவும் அடையாள அட்டையிலிருந்து எடுத்த சிறு படம்.

இந்நிலத்தின் வரலாறும் நமக்கு ஒரு பாடம் கூறுகிறது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தமைக்காக நாடார் சமூகத்தினர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899 ஜூன் மாதத்தில் சிவகாசியே கொள்ளையிடப்பட்டது. கோயிலுக்கும் ஊருக்கும் புறம்பானவர் என்று கருதப்பட்ட அம்மக்கள் கல்வியாலும், மகமையாலும், கடும் உழைப்பாலும் எழுந்தனர். 1903இல் விருதுப்பட்டியில் பிறந்த காமராசர் மாநிலத்தின் முதலமைச்சரானார். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த பூமியில் வேலை பிறந்தது. இது பெருமைக்குரிய வரலாறு. ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. இன்றைய உரிமையாளரும் குத்தகைதாரரும் பல சமூகத்தினர். நாம் கேட்பது இதுவே: நேற்றுப் புறம்பாக்கப்பட்டோரின் உழைப்பால் எழுந்த ஊரில், இன்று புறம்பே நிற்பவர் யார்? மருந்து அறையில் இருக்கும் தலித் பெண்ணும், வேலை தேடி வந்திருக்கும் வேற்றுமாநில இளைஞனும் அல்லவா? விடுதலை பெற்ற மக்கள் தம் அடிமைத்தனத்தை மறக்கும்போது மற்றொருவருக்கு எகிப்தாகிவிடக்கூடும் என்று தீர்க்கர்கள் ஓயாமல் எச்சரித்தனர். திருச்சபைக்கும் இவ்வெச்சரிப்புப் பொருந்தும்.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புகளைத் தடைசெய்து, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. தலைநகரின் காற்றைக் காப்பது அதன் நோக்கம், அந்நோக்கம் நியாயமானது. ஆனால் அதையொட்டி எழுந்த பேச்சில், தில்லியின் நுரையீரல் பெற்ற இடத்தைச் சிவகாசியின் நுரையீரல் பெறவில்லை. வேலையிழந்த குடும்பங்களும், முன்னரே தூளைச் சுவாசித்துவந்த குடும்பங்களும் வழக்கின் ஓரத்திலேயே நின்றன. தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் தங்களுக்குக் குரல் இல்லாமையே அயலாராக்கப்படுவதன் முழுப் பொருள்.

6. உவமையின் திருப்பம்

ஒருவர் மறுப்புரைக்கலாம்: சிறுவர் மகிழ எடுத்த படத்தின்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா? இவ்வட்டாரத்தின் சிறுவர் விளையாட்டை இழந்து தீக்குச்சி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பும், பலரது இடைவிடா உழைப்பும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று அவர்களுடைய பிள்ளைகள் பொங்கலன்று திரையரங்கில் அமர்ந்து சிரிப்பதே நன்றிக்குரிய காட்சி. அச்சிரிப்பை நாம் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் தங்களைப் போன்றோரின் வாழ்வைத் திரையில் ஒருபோதும் காணாத பிள்ளை, தன் வாழ்வு கதைக்குத் தகுதியற்றது என்று எண்ணத் தொடங்கும். ஆகவே கேள்வி சிறுவர்பொருட்டே எழுகிறது.

லூக்கா 10:25-37இல் ஆண்டவர் கையாண்ட முறையைக் கவனிப்போம். நியாயசாஸ்திரியின் கேள்வி, தன் அன்புக்குரியவர் பட்டியலின் எல்லை எது என்பது. நாமாக இருந்தால், யூதன் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்த சமாரியனுக்கு உதவினான் என்று கதை சொல்லியிருப்போம். அது நல்ல கதைதான்; அயலான்மீது இரங்கும்படி அது கற்பிக்கும். ஆண்டவர் அவ்விதம் சொல்லவில்லை. குழியில் கிடந்தவன் நம்மவன். குனிந்து தூக்கியவன் அயலான். சமாரியன் அங்கே இரக்கத்தின் பொருளன்று, இரக்கத்தைச் செய்பவன். கதையின் முடிவில் கேள்வியே மாறிவிடுகிறது. என் அயலான் யார் என்பது போய், அயலானாக நடந்துகொண்டவன் யார் என்பது நிற்கிறது. பன்மையையும் பிரதிநிதித்துவத்தையும் பற்றி இன்று பேசப்படுபவை அனைத்திற்கும் இதனினும் ஆழமான அடிப்படை வேறில்லை. அயலானைப் படத்தில் சேர்த்துக்கொண்டால் போதாது. அவனைச் செய்பவனாகவும் பேசுபவனாகவும் வைக்கவேண்டும்.

'அயலான்' ஓரளவு இவ்வழியில் செல்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கும் காப்பாற்றுபவன் வெளியிலிருந்து வருகிறான். ஆனால் சமாரியன் யூதரால் வெறுக்கப்பட்டவன். அவனைக் கதைத் தலைவனாக்கியபோது கேட்போரின் பற்கள் கூசியிருக்கும். விண்ணிலிருந்து வருபவனை எவரும் வெறுப்பதில்லை. அவனுக்குச் சாதியில்லை, ஊரில்லை, நம்மோடு பழம்பகையில்லை. கற்பனைக் கதையின் வலிமையும் வலுவின்மையும் இதுவே. நமக்குக் கூசாத ஓர் அந்நியனைக் கொடுத்து, கூசும் அந்நியனைப் பற்றி நினையாதபடி அது நம்மைத் தேற்றிவிடக்கூடும்.

இதனாலேயே, விண்ணிலிருந்து வந்தவனைக் கிறிஸ்துவுக்கு ஒப்பிடும் எளிய உவமையில் நாம் எச்சரிக்கையாயிருக்கவேண்டும் என்கிறோம். கிறிஸ்து வந்த விதம் அதுவன்று. அவர் வியத்தகு உடலோடு வந்திறங்கவில்லை. தச்சன் மகனாக, நசரேயனாக, நன்மை எதுவும் வராது என்று நாத்தான்வேல் எண்ணிய ஊரினராக வந்தார். எபிரெயர் 13:12-13 அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதை நினைவூட்டி, நம்மையும் பாளயத்திற்குப் புறம்பே அவரிடம் புறப்பட்டுப் போக அழைக்கிறது. வெடிமருந்துச் சட்டம் ஆலைகளை ஊருக்குப் புறம்பே, குடியிருப்பினின்று விலக்கிவைக்கக் கட்டளையிடுகிறது. பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி அது. ஆயினும் கரிசல் காட்டின் நடுவே தகரக் கூரைக்கடியில் அமர்ந்திருக்கும் அம்மக்களை எண்ணும்போது, வாசலுக்குப் புறம்பே என்னும் சொற்றொடர் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

7. நம் பணி

இப்பகுதியின் திருச்சபையே ஓர் அயலானின் கூடாரத்தோடு தொடர்புடையது. தாமஸ் கஜேத்தான் ராக்லாந்து வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமிட்டுச் சுற்றித்திரிந்து ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியில் மறைந்தார். நோயுற்ற உடலோடு வந்த அந்நியர் அவர். வியத்தகு ஆற்றல் எதுவும் அவரிடமில்லை. அவர் திரும்பிச் செல்லவில்லை. அயலான் தங்கிவிட்டமையால் பிறந்த சபை, இன்று தன்னிடம் வந்து தங்குவோரை எவ்விதம் நோக்குகிறது என்பதே நம் சாட்சியின் உரைகல்.

எனவே ஆயர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் மூன்று பரிந்துரைகளைக் கூறி அமைவோம். ஒன்று, இப்படத்தை வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் 'ரயில்' போன்ற ஒரு படத்தோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். எந்த அயலானை நேசிப்பது எளிதாயிருந்தது, எவனை நேசிப்பது கடினமாயிருந்தது, ஏன் என்று அவர்களையே கூறச் செய்யுங்கள். இரண்டு, விபத்தில் இறந்தோருக்காக மன்றாடும் நம் வழக்கத்தோடு, விபத்துக்கு முன்னரே அத்தொழிலாளரின் குரல் ஆராதனையில் ஒலிக்க இடமளியுங்கள். மருந்து அறையில் வேலைசெய்யும் சகோதரி திருமறைப் பாடத்தை வாசிக்கட்டும். தன் வேலையைப் பற்றியும், அதன் அச்சத்தைப் பற்றியும், அதிலுள்ள தன் திறமையைப் பற்றியும் அவளே பேசட்டும். அவளுக்காக நாம் பேசுவதினின்று அவள் பேச நாம் கேட்பதற்கு நகர்வதே இங்கு வேண்டிய மனந்திரும்புதல். மூன்று, நம் ஊர் ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் இருக்கும் வேற்றுமாநிலத்தாரின் குடியிருப்புகளுக்குச் செல்லுங்கள். அவர்களுள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கிறிஸ்தவர் இருக்கக்கூடும்; இல்லாவிடினும் நாம் செல்லவேண்டியதற்குக் காரணம் குறைவதில்லை.

திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் அயலான் தன் கோளுக்குத் திரும்பிவிடுவான். நம் அயலார் நாளைக் காலையும் ஆலை வண்டிக்காகச் சாலையோரத்தில் நிற்பர். அவ்வண்டி புறப்படுமுன் அவர்களுடைய பெயர்களையேனும் நாம் அறிந்திருக்கவேண்டும்.